லைற் அணைந்த வியாழக்கிழமை

ஒரு நல்ல படம் போதும், படித்த மனிசரையும் மடையராக்கிவிடும். வட்டக்கச்சியில் விஞ்ஞானம் படிப்பிக்கிற சிவதர்சினியையும் அது விட்டுவைக்கவில்லை.

கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த ஒன்றுவிட்ட அக்கா விமலேஸ்வரி, கமராவில் பூட்டுகிற இரண்டு பில்ரர் கொண்டுவந்திருந்தாள். "ஒண்டை நீ வைச்சிரு. மற்றதைத் திருப்பிக் குடுக்கவேணும். ஞாயிறு வெளிக்கிடுறன், எது வேணுமெண்டு அதுக்குள்ள சொல்லு," என்றாள். வானத்து வாயுமுகில்களான நெபுலாக்களின் சிவப்பையும் நீலப்பச்சையையும் மட்டும் உள்ளே விட்டு, மற்ற வெளிச்சத்தை மறிப்பதுதான் அந்தக் கண்ணாடிகளின் வேலை. ஒன்று கொஞ்சம் தாராளம். மற்றது மகா கஞ்சன்.

மறிக்கவேண்டிய வெளிச்சம் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. பழனியாண்டியின் வயலில், பன்றி இறங்காமல் இருக்க, கதிர் முற்றுகிற தை மாதம் முழுக்க ஒரு பெரிய லைற் விடிய விடிய எரியும். அதை அணைக்கச் சொல்ல யாருக்காவது வாய் வருமா? சோற்றில் மண் போடுகிற வேலையல்லவா! பிழையான கண்ணாடியை வைத்துக்கொண்டால், இனி எடுக்கிற படமெல்லாம் சாம்பல் பூசித்தான் வரும். இன்னொரு கண்ணாடி எப்போது கிடைக்குமோ தெரியாது.

புதன் இரவு தாராளம், வியாழன் இரவு கஞ்சன். அதே சின்னத் தொலைநோக்கி, அதே கமரா, ரோசாப்பூப் போன்ற அதே நெபுலா, நாலு மணித்தியாலம். கமராவை ஓடவிட்டு அவள் உள்ளே போய்ப் படுத்துவிடுவாள். வியாழன் இரவு தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. பன்றியாக்கும் என்று புரண்டு படுத்தாள்.

வெள்ளி காலை படங்களைப் பார்த்தவள் "அம்மாளாச்சி!" என்று கத்தியேவிட்டாள். புதன்கிழமைப் படம் ஒரே சாம்பல். வியாழக்கிழமைப் படத்தில் இதழ் இதழாகச் சிவப்பு, நடுவில் நீலம். கஞ்சன்தான் வென்றது என்று அக்காவுக்கு உடனே செய்தி போனது.

பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டபோது வேலியடியில் பழனியாண்டியின் மனைவி தங்கம்மா நின்றாள், கண்ணெல்லாம் சிவந்து.

"என்னம்மா, நித்திரை இல்லையோ?"

"எங்கங்க டீச்சர்? நீங்க உள்ள போனதும் வெளக்க அணைச்சிட்டு, தகரத்த தட்டிக்கிட்டு விடியவரைக்கும் வயலச் சுத்தினாரு மனுசன். தனியா விட முடியுமா, நானும் சுத்தினேன்."

"ஏன் லைற்றை அணைச்சவர்?"

"வெளிச்சத்துல படம் கெட்டுப்போவுதுன்னு அக்காகிட்ட சொன்னீங்கல்ல, அது காதுல விழுந்திருச்சு. நம்ம புள்ளைய பாஸ் பண்ண வச்ச டீச்சருக்காக ஒரு ராத்திரி முழிச்சா செத்தா போயிருவோம்னாரு."

சிவதர்சினிக்கு வெட்கமாக இருந்தது. விடிய விடிய நடந்தது இரண்டு சீவன், பேர் வாங்கினது ஒரு கண்ணாடித் துண்டு!

பின்னேரம் நேரே பழனியாண்டியிடம் போனாள். "ஐயா, இண்டைக்கு லைற்றைப் போட்டிட்டு நிம்மதியாப் படுங்கோ."

"படம் கெட்டுப்போயிருமே டீச்சர்?"

"கெடட்டும். அப்பதான் கண்ணாடியின்ர வண்டவாளம் தெரியும்."

அன்றிரவு லைற் எரிந்தது, கஞ்சன் கமராவில் இருந்தது. சனி காலை மூன்று படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். வெள்ளி இரவுப் படம் புதனைவிடப் பரவாயில்லை, வியாழனுக்குக் கிட்டவும் இல்லை. சரி, கஞ்சனையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இதழும் நீலமும் அது தந்ததல்ல.

கிளிநொச்சி ரவுணுக்குப் போய் வியாழக்கிழமைப் படத்தைப் பெரிதாக அடித்துக்கொண்டு வந்தாள். வானப் படம் எடுப்பவர்கள் படத்தின் கீழே சாமான் பட்டியல் போடுவது வழக்கம். அவளும் தொலைநோக்கி, கமரா, பில்ரர் என்று வரிசையாகப் போட்டிருந்தாள். கடைசி வரியில் "இருட்டு: பழனியாண்டி, தங்கம்மா" என்று இருந்தது.

பழனியாண்டி தன் பெயரை இரண்டு தரம் வாசித்தார். பிறகு படத்தைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. மாசி பொறந்தா அறுத்துருவோம் டீச்சர். வயல்ல நெல்லு இல்லாட்டி வெளக்கு எதுக்கு? அப்புறம் இருட்டு பூரா உங்களுக்குத்தான்."