வெறும் அடி

ஷெட் சுவரில் மாட்டிய பலகையில், தகடு வெட்டும் ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் ஒரு எண் ஓடும். மெஷின் அடித்துக்கொண்டிருந்தால் எண் ஏறும், நின்றால் இறங்கும். மாதக் கடைசியில் எண் குறைந்த மெஷினைக் கழற்றிவிட்டு, அதன் ஆளை லோடிங்குக்கு அனுப்புவதாக முடிவு.

நெட்டையனின் மெஷின்தான் முதலிடம். கடைசி இடம் பக்கத்து மெஷினுக்கு. அதில் நிற்பவன் அவன் மச்சினன், மனைவியின் தம்பி. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்த உடம்பு. மூட்டை தூக்கினால் தையல் தாங்காது.

சூப்பர்வைசர் எல்லோரையும் கூட்டி நெட்டையன் முதுகில் தட்டினார். "பாத்துக்கங்கடா, இவன் மெஷின் மூச்சு விடக்கூட நிக்கிறதில்ல. போப்பா, உன் மச்சினனுக்கும் கொஞ்சம் தொழில் கத்துக்குடு."

"அக்காவக் கட்டினவரு, சீதனமா இதையாவது குடுக்கட்டும்!" என்றான் ஒருத்தன். ஷெட்டே சிரித்தது.

நெட்டையனுக்குக் காது சுட்டது. தகடு தீர்ந்தால் அவன் மெஷினை நிறுத்துவதில்லை. தானாக அடிக்க விட்டுவிட்டுப் பீடி வலிக்கப் போவான். அது காற்றை அடித்துக்கொண்டிருக்கும், எண் ஏறும். வெட்டிய துண்டுகள் எல்லா மெஷினுக்கும் பொதுவான தொட்டியில் விழுவதால் குட்டு வெளிப்படவில்லை.

மச்சினன் மெஷினை நிறுத்தி அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அடிக்கடி நிறுத்தாத மாப்ள."

"துடைக்கலேன்னா பிசிறு நிக்கும் மச்சான்." நிமிராமலே குரலைத் தாழ்த்தினான். "தகடு இருந்தா ஒரு சத்தம், இல்லேன்னா ஒரு சத்தம். பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேக்காதா?"

நெட்டையன் சுற்றுமுற்றும் பார்த்தான். "தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னா அக்கா சோத்துல இல்ல மண்ணு விழும்."

அதற்குப் பதில் அவன் இவன் செவிட்டில் ஒன்று விட்டிருக்கலாம். நெட்டையன் தன் மெஷினுக்குப் போனான். தகட்டை உருவித் தரையில் போட்டுவிட்டு விசையைத் தட்டினான். டங் டங்கென்று வெறும் அடி.

"சார், பலகையப் பாருங்க."

எண் ஏறிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"எத்தன நாளாடா?"

"பலகை மாட்டினதுலேருந்து."

"உன்னப் போய்த் தட்டிக்குடுத்தேன் பாரு! நாளைக்கு லோடிங்குக்கு நீ போ."

தலையாட்டினான். நிமிர்ந்து ஒரு முகத்தையும் பார்க்க முடியவில்லை. மச்சினன்தான் வந்து மெஷினை அணைத்தான்.

"அக்காகிட்ட நான் வாயத் திறக்க மாட்டேன் மச்சான். நீங்களே சொல்லிடுங்க."

மூட்டை கிடக்கட்டும், தூக்கிவிடலாம். அவளிடம் எந்த வாயால் சொல்வது என்றுதான் நெட்டையனுக்குத் தெரியவில்லை.