வெட்டப்பட்ட ஏழு நிமிடங்கள்

வாசகர்களே, வாருங்கள்! இந்த இசைத்தட்டின் உறையைப் பாருங்கள். மூவர் நிற்கிறோம்: பாடகன் கிளைவ், ஆர்கன் வாசித்த குவெண்டா, டிரம்ஸ் அடித்த நான். இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாடல். அதில் குவெண்டாவின் தனி வாசிப்பு ஒரு நொடிகூட இல்லை. இது அநீதி; இழைத்தவர்களுள் நானும் ஒருவன்.

1972இல் இங்கிலாந்தின் கெட்டரிங் நகரில் தொடங்கிய எங்கள் குழுவின் பெயர் ‘உப்புக் கோபுரம்’. எங்களுக்குத் தலைவர் கிடையாது; மூவரும் கை உயர்த்தினாலன்றி எதுவும் முடிவாகாது என்பதே சட்டம். அந்தப் பாடல் முப்பத்தொரு நிமிடம். நடுவே ஏழு நிமிடம் குவெண்டா மட்டும் வாசிப்பாள். எட்டு மாதம் உழைத்து அவள் அமைத்த பகுதி அது.

அச்சுத் தட்டில் ஒலித்தடம் வெட்டிய நாளன்று, ஊர்த் தேவாலயத்தில் ஒரு சவ அடக்கத்துக்கு வாசிக்க அவள் போயிருந்தாள். தடம் வெட்டும் லண்டன் பொறியாளர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“ஒரு பக்கத்துல முப்பத்தொரு நிமிஷமா? தடம் நெருங்கிப்போயி, சத்தம் கொசு முனகுற மாதிரி கேக்கும்யா. ஏழு நிமிஷத்தக் கழிங்க.”

“ஆர்கன் மட்டும் வர்ற இடத்தத் தூக்கிடலாம்,” என்றான் கிளைவ். “அங்கதான் பாட்டே இல்லியே.”

“குவெண்டா கை தூக்கலையேடா?” என்றேன்.

“அவ பொணத்துக்கு வாசிக்கிறா. அந்தப் பொணமாச்சும் முழுசாக் கேக்கட்டும். தூக்குடா லென், கைய!”

சிரித்துக்கொண்டே தூக்கினேன்.

தட்டு வந்ததும் குவெண்டா நின்றபடியே கேட்டாள். தன் இடம் வரவேண்டிய நொடியில் கிளைவின் குரல் வந்தது.

“எங்கடா அது, லென்?”

“நீளமாயிடுச்சு, குவெண்டா.”

“உன் டிரம்ஸ் மட்டும் ஆறு நிமிஷம் ஓடுதே, அது குட்டையா?”

அவள் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். பதினான்கு மாதக் குழு அன்றோடு முடிந்தது.

இப்போது எங்கள் இசைத்தட்டு நிறுவனம் அதே தட்டை மீண்டும் வெளியிடப்போகிறது, வெட்டிய வடிவிலேயே! முழு ஒலிநாடா அவர்கள் கிடங்கில் கெடாமல் இருக்கிறது. பாடலை இரண்டு தட்டுகளில் பிரித்தோ குறுந்தகட்டிலோ தரலாம் என்பதால், இடமில்லை என்ற சாக்கும் இன்று செல்லாது. என் மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. அவற்றில் என்னோடு கையெழுத்திடக் கிளைவ் மறுக்கிறான். குவெண்டாவுக்கு வயது எழுபத்தெட்டு. தன் தனி வாசிப்பை அவள் தட்டில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஆகவே, ஒருவன் கேட்டால் கிடைக்காததை ஆயிரம் பேர் கேளுங்கள். இன்றே நிறுவனத்துக்கு எழுதுங்கள். அந்த ஏழு நிமிடங்கள் சேரும்வரை, வெட்டிய தட்டை வாங்க மறுத்துவிடுங்கள்!