உள்ளூர்ச் சம்பளம்

அப்பாவைக் குளிப்பாட்டிய ஈரம் வேட்டியில் காயவில்லை. கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு ரூபேந்திரன் மூன்றாவது முறையாகச் சொன்னான்.

“மேடம், ஜாமீன் போட்ட எங்கப்பா நேத்து தவறிட்டாரு. நான் ஷர்மினியோட அண்ணன், நான் போடறேன்.”

“வருத்தமா இருக்கு சார். ஆனா உங்க சம்பளச் சீட்டு சிங்கப்பூரோடது. உள்ளூர்ச் சம்பளக்காரர் பேரு அஞ்சு மணிக்குள்ள வேணும். இல்லன்னா இந்தக் கடன் அடுத்த ஸ்டூடண்டுக்குப் போயிடும்.”

தங்கை ஷர்மினியின் பல் மருத்துவப் படிப்பில் மீதமிருந்த மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் மறுமுனையில் பேசிய பெண்ணின் அறநிதி கடனாகத் தர ஒப்புக்கொண்டிருந்தது. அவள் திருப்பிக் கட்டாவிட்டால் ஜாமீன்தாரரின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பார்கள். எல்லைக்கு அப்பால் சிங்கப்பூரில் இருக்கும் முதலாளியிடம் போய்ப் பிடித்துக்கொடு என்று கேட்க முடியாது. அதனால்தான் அந்த விதி. யோசித்துப் பார்த்தால் நியாயமாகவே இருந்தது. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இங்கே பாலோ ஊர்ச் செம்பனை எண்ணெய் ஆலையில் அப்பா வாங்கியது அவன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது செல்லும், இது செல்லாது.

கூடாரத்தின் ஓரத்தில் சித்தப்பா கமலநாதன் நின்றிருந்தார். நகராண்மைக் கழக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை; உள்ளூர்ச் சம்பளம்.

“சித்தப்பா, ஜாமீன் போட இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க.”

“அலமாக், என்னடா நீ.” அவர் சவ வண்டி வரவேண்டிய பாதையைப் பார்த்தார். “என் மக சாந்தினிக்கு அடுத்த வருஷம் மெடிசின். அவளும் அங்கதான் கடன் கேக்கப்போறா. ஒரு ஆளு ஒருத்தருக்குத்தான் போட முடியும், தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் செத்துக் கிடக்கற எங்கண்ணன் பக்கத்துல நிக்க வச்சு என்னை இல்லன்னு சொல்ல வைக்கறியே.”

“வேற எப்ப கேக்கறது? அஞ்சு மணிக்கு அப்புறமா?”

சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

“விடுண்ணே,” பின்னால் ஷர்மினி நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியவில்லை. “வாய்க்கரிசி போடக் கூப்பிடறாங்க.”

உறவுகள் ஒவ்வொருவராகச் சவப்பெட்டியைச் சுற்றி வந்தார்கள். மூடிய உதட்டில் விழுந்த அரிசி கழுத்துப் பக்கம் சரிந்தது.

“தாடை இறுகிப்போச்சும்மா, மேலாலயே போடு,” என்றார் சடங்கு செய்பவர்.

ஷர்மினி குனிந்தாள். இடதுகைச் சுட்டுவிரலால் அப்பாவின் கன்னத்தை உள்ளிருந்து மெல்ல ஒதுக்கினாள். பின்பக்கம் கடைவாய்ப் பல் இல்லாத இடம் தெரிந்தது. அரிசியை அங்கே வைத்தாள்.

அடுத்து நின்றவன் ரூபேந்திரன். அவள் விரலை எடுக்கவில்லை.

“இங்கதான். மெதுவா போடுண்ணே.”