சமையலறையில் லிக்டன்ஸ்டைன்

சந்திரமௌலி படியேறி வந்த சத்தத்திலேயே கண்மணிக்குத் தெரிந்துவிட்டது, மனுஷன் எதையோ சாதித்துவிட்டு வருகிறான் என்று. மூன்று மாடியையும் ஓடியே ஏறியிருக்கிறான். கதவைத் திறந்ததும் திறக்காததுமாக ஒரு கவரை அவள் மூக்குக்கு நேரே ஆட்டினான்.

"லிக்டன்ஸ்டைன்லேருந்து வந்திருக்கு! வேலை கன்ஃபர்ம்! சுவிட்சர்லாந்துக்குப் பக்கத்துல. நம்ம கும்பகோணம் தாலுகா அளவுகூட இருக்காது, ஆனா தனி நாடு! டாக்ஸ்னு பேருக்கு ஏதோ கொஞ்சம். மிச்சத்தை அப்படியே அள்ளிக்கிட்டு வரலாம்!"

"மல்லிகாவைக் கூட்டிக்கலாமா?" என்றாள் கண்மணி. வேறென்ன கேட்பாள்?

"கூட்டிக்கலாமாவா? ஜூலைல நம்மகூட இருப்பா!"

கண்மணி கையிலிருந்த கரண்டியோடு அவனைக் கட்டிக்கொண்டாள். சாம்பார் அவன் கோட்டில் வழிந்தது. யாருக்கு அந்தக் கவலை?

ஜெர்மனியில் இந்த ஹனோவருக்கு அவர்கள் வந்து இரண்டரை வருஷம். லென்ஸ் கண்ணாடி ஆராய்ச்சிக்கு மௌலிக்கு ஸ்காலர்ஷிப். அது இரண்டு பேர் சாப்பிடக் காணும், மூன்றாவது ஆளுக்குக் காணாது என்று, மூன்று வயதுக் குழந்தையைக் கும்பகோணத்தில் கண்மணியின் அக்கா சாந்தாவிடம் விட்டுவிட்டு வந்தார்கள். 'ஆறே மாசம்' என்று சொல்லிவிட்டு வந்ததை நினைத்தால் கண்மணிக்கு இன்னும் வயிறு எரியும். இப்போது மல்லிகாவுக்கு ஐந்தரை. போன மாதக் கடிதத்தில் சாந்தா எழுதியிருந்தாள்: 'என்னை அம்மான்னு கூப்பிடறா. திருத்தித்தான் பாக்கறேன், கேக்க மாட்டேங்கறா.' அந்தக் கடிதத்தைக் கண்மணி இரண்டாம் முறை படிக்கவில்லை.

மே மாதத்தோடு ஸ்காலர்ஷிப் முடிகிறது. மௌலி வேலை பார்க்கும் இன்ஸ்டிட்யூட்டிலேயே ஒரு உத்தியோகம் தருகிறோம் என்றிருந்தார்கள். அதே உத்தியோகத்தில், அதே சம்பளத்தில் இருக்கிற சிநேகிதன் சேஷாத்ரி தன் சம்பளச் சீட்டையே கொடுத்துவிட்டிருந்தான். "பாருடா, மூணுல ஒரு பங்கை வெட்டிட்டுத்தான் கையில தரான். இந்தச் சம்பளத்துல நீ எப்படிடா குடும்பம் நடத்துவே?" என்று ஒரே புலம்பல். அந்தச் சீட்டை வைத்து மௌலி கணக்குப் போட்டான். ஹனோவரில் மாதக் கடைசியில் மிஞ்சுவது இருபது மார்க். இதே செலவுக்கு லிக்டன்ஸ்டைனில் மிஞ்சுவது நானூறு! மல்லிகாவுக்கு இன்னொரு அறை, குளிருக்குத் துணிமணி, டிக்கெட் வாங்கும் கடனுக்குத் தவணை, எல்லாம் சேர்த்து நூற்றைம்பது இருந்தால் போதும்.

இரண்டு இடத்துக்கும் அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மௌலி அப்போதே பேனாவைத் திறந்துவிட்டான்.

"இருங்க, இருங்க. அங்க தக்காளி என்ன விலை?"

"தக்காளியா? அடியே, ஒரு நாடே நம்மளைக் கூப்பிடுது, நீ தக்காளி விலை கேக்கற!"

ஆனால் கவருக்குள் அதுவும் இருந்தது. குடும்பத்தோடு வருபவர்களுக்கென்று கம்பெனிக்காரன் வாடகை, பால், ரொட்டி, மின்சாரம், பஸ் என்று ஒரு பக்கம் முழுக்க விலைவாசி அடித்து அனுப்பியிருந்தான். கண்மணி அதை மார்க்குக்கு மாற்றி எழுதினாள். மாற்ற மாற்ற அவள் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"ஏங்க, இந்த ஒரு வாரம் நாம லிக்டன்ஸ்டைன்லயே இருந்து பாத்துடுவோம்."

"எங்க?"

"இங்கதான். இந்த அடுப்படியில."

ஏற்பாடு இதுதான். இங்கே ஒரு சாமான் வாங்கினால், அங்கே அதற்கு எவ்வளவு கூட ஆகும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி காபி டப்பாவில் போட வேண்டும். சனிக்கிழமை டப்பாவைக் கொட்டிக் கூட்ட வேண்டும். மௌலிக்கு ஏக குஷி. சமையலறை வாசலில் சாக்பீஸால் கோடு கிழித்தான். கோட்டைத் தாண்டும்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினான். "மேடம், காபி குடிக்க விசா கிடைக்குமா?" கண்மணி சிரித்துச் சிரித்து மாவைக் கொட்டினாள். எவ்வளவு நாளாயிற்று அந்த வீட்டில் அப்படிச் சிரித்து!

செவ்வாய்க்கிழமை தக்காளி, பால், வெண்ணெய். மூன்று சீட்டு. புதன்கிழமை அரிசி. "அரிசிக்குமாடி கூட?" "அரிசி, பருப்பு, தலைவலி மாத்திரை, எல்லாத்துக்கும்." வியாழக்கிழமை வாடகை வந்தது. அந்தச் சீட்டைப் பார்த்ததும் மௌலி பாஸ்போர்ட் விளையாட்டை நிறுத்திவிட்டான். வெள்ளிக்கிழமை மருத்துவ இன்ஷூரன்ஸ். அங்கே தலைக்குத் தனித்தனியாகக் கட்ட வேண்டுமாம், குழந்தைக்கும் சேர்த்து.

"நீ வேணும்னே ஜாஸ்தி எழுதற," என்று சீறினான்.

"எனக்கென்ன வேண்டுதலா? என் பொண்ணு வரணும்னு எனக்கு இல்லையா?" பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள் கண்மணி.

சனிக்கிழமை டப்பாவைக் கொட்டினார்கள். மாதக் கணக்குக்கு நானூற்று முப்பது. வரியில் மிஞ்சுகிற நானூறையும் முழுங்கிவிட்டு, மேலே முப்பது கேட்டது அந்தக் குட்டி நாடு.

மௌலி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். "அப்ப எங்கேயும் முடியாது. இங்கேயும் முடியாது, அங்கேயும் முடியாது," என்றான். அவன் குரல் உடைந்ததைக் கண்மணி அன்றுதான் முதல்முறை கேட்டாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் அழுதால் யார் அடுப்பைப் பார்ப்பது என்று, மேஜையிலிருந்த சீட்டுகளை வழித்து அள்ளினாள். சேஷாத்ரியின் சம்பளச் சீட்டும் அதோடு கையில் வந்தது.

அவள் அதை அதுவரை பார்த்ததில்லை. லேபில் எல்லாம் இங்கிலீஷிலேயே ஓடிவிடுவதால் மௌலிக்கு ஜெர்மன் அரைகுறை. கண்மணிதான் வாரம் இரண்டு சாயங்காலம் ஜெர்மன் கிளாஸுக்குப் போகிறவள். போன மாதம் டீச்சரம்மா எல்லோருக்கும் பயிற்சிக்காக ஒரு வருமான வரி அட்டையைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருந்தாள். பெயர், கல்யாணம் ஆயிற்றா, குழந்தை எத்தனை. பக்கத்து நாற்காலி துருக்கிக்காரி ஐந்து என்று எழுதியதும் வகுப்பே கைதட்டியது. கல்யாணம் ஆனவர்களுக்கு வரி குறையும் என்று டீச்சர் சொன்னதும் நினைவிருந்தது.

"ஏங்க," என்றாள் கண்மணி. "சேஷாத்ரிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"அவனுக்கா? ஊர்ல பொண்ணு தேடிக்கிட்டே இருக்காங்க. இப்ப எதுக்கு அது?"

"இங்க வரியில முதல் வகுப்பு, தனியாள்னு போட்டிருக்கு. குழந்தை பூஜ்யம். நீங்க ஒரு பிரம்மச்சாரியோட வரியை வச்சுக்கிட்டு நம்ம குடும்பத்துக்குக் கணக்குப் போட்டிருக்கீங்க!"

மௌலி திரும்பினான். "டாக்ஸ்ல அதெல்லாம் எங்கடி பாப்பான்? சம்பளம் ஒண்ணுன்னா வரியும் ஒண்ணுதானே? நம்ம ஊர்ல..."

"இது நம்ம ஊரா?"

லென்ஸில் மயிரிழைக் கீறலைக்கூடக் கண்டுபிடிக்கிற மனுஷன், ஐந்து வருஷச் சிநேகிதன் பிரம்மச்சாரி என்பதை மறந்துவிட்டானே! கண்மணிக்குத் திட்டவும் வந்தது, குதிக்கவும் வந்தது. முதலில் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நகரவே இல்லை. திங்கள் காலை எட்டு மணிக்கெல்லாம் இன்ஸ்டிட்யூட் சம்பள அலுவலகத்து வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். கண்மணி கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். வெளியே ஆலங்கட்டி மழை. அங்கேயிருந்த அம்மாள் தடித்த அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டி, விரலால் கோடு கோடாக இறங்கி, ஒரு தொகையை எழுதி மேஜையில் தள்ளினாள். சேஷாத்ரி கையில் வாங்குவதைவிட இருநூறு மார்க் ஜாஸ்தி. குழந்தை இங்கே வந்துவிட்டால் இந்த வருஷத்திலிருந்து முதல் குழந்தைக்கும் சர்க்கார் மாதம் ஐம்பது தருகிறதாம்.

மௌலி எல்லாவற்றையும் கூட்டி இரண்டு முறை சரிபார்த்தான். நூற்றைம்பது வேண்டிய இடத்தில் இருநூற்றெழுபது மிஞ்சியது. பிறகு இங்கேயே வேலையில் சேருவதாகக் கையெழுத்துப் போட்டான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

அந்த அம்மாள் டைப்ரைட்டரில் ஒரு தாளைச் செருகினாள். "குழந்தையின் பெயர்?"

கண்மணி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். ஒவ்வோர் எழுத்தாக அது தாளில் விழுந்தது. இரண்டரை வருஷத்தில் இந்த ஊரில் எந்தக் காகிதத்திலும் அந்தப் பெயரை யாரும் எழுதியதில்லை. அவளுக்குக் கண் மறைத்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"குழந்தை இப்போது எங்கே இருக்கிறாள்?"

கும்பகோணம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"வந்துக்கிட்டிருக்கா," என்றாள், ஜெர்மனில்.