அரை மணித்தியாலம் கூட வந்தவன்

றஊபின் சாப்பாட்டுக் கடைக்கு நான் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் ரோல்ஸும் பொரிச்ச மீனும் பிளேன்ரீயும்.

மனைவி ஸுல்பிகா மௌத்தாகி அடக்கமாகி, மகள் ஹுஸ்னியா புருஷனோடு புத்தளம் போன பிறகு, நாலு பேரின் கதை என் காதில் விழுவது அந்தக் கடை வாங்கில் குந்தும்போதுதான். வலது விலாவின் கீழே பாரமாக இருக்கிறதென்று ஸ்கேன் எடுத்தால், ஈரலில் கொழுப்பாம்.

"பொரிச்சது வேணாம். சமையலுக்கு ஒரு நாளைக்கு மூணு தேக்கரண்டி எண்ணெய்தான். பின்னேரத்தில அரை மணித்தியாலம் நிக்காமக் கெதியா நடக்கணும்" என்றார் டொக்டர் அம்மா.

"நான் மில்லில நெல் மூட்டை தூக்குற ஆள். எனக்கென்ன நடை டொக்டர்?"

"மாசத்தில எத்தின நாள் தூக்குறீங்க?"

நற்பிட்டிமுனை மில்லில் மூட்டை ஏற்ற பெல்ட் மெஷின் பூட்டிய பிறகு எட்டு நாள். மிச்ச நாளெல்லாம் வெறுஞ்சாக்கில் குந்தியிருந்து ரோல்ஸ் தின்றதுதான்.

கடைப் பக்கம் போவதை விட்டேன். ஸுல்பிகாவின் தாச்சியில் எண்ணெயைக் கரண்டியால் அளந்து விட்டேன். வெங்காயம் அடிப்பிடித்தது. சூடை மீன் ஆணத்தைச் சோற்றில் பிசைந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றேன்.

ஐந்தாம் நாள் கடற்கரை றோட்டில் நடக்கும்போது பின்னால் றஊபின் குரல்.

"காக்கா, சல்லி தராம எங்க ஓடுறீங்க?"

"ஓடல்ல தம்பி, நடக்கன். நிக்கக் கூடாதாம்."

"அப்ப நானும் நடக்கன். சல்லி எப்ப?"

"மறுகா தாறன்."

மூச்சு வாங்கிக்கொண்டு கூடவே வந்தான். முதல் விளக்குக் கம்பம் வரை சல்லியைக் கேட்டான். பிறகு கடை வாடகை, சம்பந்தி வீட்டுச் சண்டை என்று கதை போனது. அடுத்த நாளும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தான்.

அந்தக் கிழமையே எனக்குக் கூலி கிடைத்தது. அவனுடைய காசை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் நாளைக்கு அவன் ஏன் வரப்போகிறான்?

இரண்டு மாதம் அந்தக் காசோடு நடந்தேன்.

"ஒங்கட கொழுப்பெல்லாம் கரையிது காக்கா, கடன்தான் கரையல்ல" என்பான்.

கொழுப்புக் குறைந்திருக்கிறது, நடையை விடாதீர்கள் என்று கிளினிக்கில் சொன்ன அன்று, அதை றஊபிடம் சொல்ல நேரத்தோடு போனேன். அவன் வெள்ளைச் சேர்ட்டோடு றோட்டு ஓரத்தில் நின்றான்.

"வெள்ளிக்கிழம மக்காவுக்கு, உம்றாவுக்குப் போறன் காக்கா. ஒங்கட கடன ஹலாலாக்கிட்டன், நீங்க தர வேணாம். நடுறோட்டில சல்லி கேட்டு ஒங்களக் கஸ்டப்படுத்திட்டன். நீங்களும் என்ன மன்னிச்சு ஹலாலாக்குங்க. இனிச் சல்லி கேட்டுப் பின்னால வர மாட்டன்."

பைக்குள் கை போனது. வேர்வையில் ஊறித் தாள்கள் துணி மாதிரி ஆகியிருந்தன.

"எடுங்க தம்பி. கூலி கெடச்ச அண்டைக்கே கையில இரிந்த."

"அப்ப ஏன் தரல்ல?"

"தந்தா நீங்க நடக்க வர மாட்டீங்க."

றஊப் காசை எண்ணாமல் வாங்கிக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினான்.

அன்றைய அரை மணித்தியாலம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. நான் நடக்கத் தொடங்கினேன்.