ஹெலி தேடிய காடு

அடுப்பெரிக்கப் பைன் காய் பொறுக்கப் போன இடத்தில் பெண்சாதியைத் தொலைத்துவிட்டு நின்றான் குலசிங்கம். யோகராணி யாழ்ப்பாணத்திலிருந்து ஒக்லாந்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மரத்தில் கை வைக்கக்கூடாது, விழுந்த காயைப் பொறுக்கலாம் என்று அரசாங்கம் காத்துவைத்திருக்கும் காடு அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிப் பைன். பைன் முடிகிற இடத்தில் சதுப்பு. அந்த நாட்டில் குளிர்காலமான ஓகஸ்ட் மாதக் குளிர் வேறு. ஈரத்தில் கிடந்தால் விடியுமுன் உயிர் போய்விடும் என்று காட்டு அதிகாரி ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

நல்ல மனுசர். றேடியோவில் பேசி ஹெலிகொப்டரையே வரவழைத்தார். குலசிங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஹெலி மரங்களுக்கு மேல் தாழப் பறந்து சுற்றியது. கையை ஆட்டினால் போதும், கண்டுவிடுவார்கள் என்றார் அதிகாரி. யாரும் கையை ஆட்டவில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மடையன், இதை யோசிக்கவில்லையே! ஊரில் சுட வரும் ஆமி ஹெலியின் சத்தம் கேட்டால் அவள் பற்றைக்குள் பாய்ந்து குப்புறக் கிடப்பாள். அப்படிக் கிடந்துதானே இத்தனை நாளும் உயிர் தப்பினாள்? இவர்கள் தேடத் தேட அவள் ஒளிப்பாள்.

ஹெலியைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கெஞ்சினான். இருட்டப்போகிறது, வேறு வழியில்லை என்று அதிகாரி மறுத்தார். குலசிங்கம் பேச்சை விட்டான். மேலேயிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு எந்த இடம் படாதோ, அதைத் தேடிச் சதுப்புக்குள் ஓடினான்.

கோரை அடர்ந்த இடத்தில், கழுத்தளவு கறுத்த தண்ணீரில் யோகராணி நின்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் பிடித்து இழுத்தும் அவள் அசையவில்லை. கால்கள் சேற்றில் புதைந்து கிடந்தன. தனி ஆளாக அவனால் முடியவில்லை. இரைச்சல் மறுபடி நெருங்கியது.

“தலையைப் பதியுங்கோ,” என்றாள். பல் கிடுகிடுத்தது.

“ராணி, உது எங்களைத் தேடி வந்தது. சுடாது.”

“அங்கை ஆமிக்காரரும் உப்பிடிச் சொல்லித்தான் கூப்பிட்டவை. போன அண்ணை திரும்பி வரேல்லை.”

அவனுடைய இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு கையை விடுவித்தான். தன் கழுத்தில் கிடந்த மப்ளரை உருவித் தலைக்கு மேல் வீசினான். ஹெலி திரும்பித் தாழ்ந்தது.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனவர்களைப் பார்த்த கண்ணால் அவனைப் பார்த்தாள். அவன் மப்ளரை வீசிக்கொண்டே நின்றான்.