அடிக்காத மணி

வழிபாட்டுக்கூடத்து மணிக்கயிறு தலைமுறைகளாக மரக்கடைக்காரர் குடும்பத்தின் பொறுப்பு. இடைவிடாமல் அடித்தால் தெருவே திரண்டு வரவேண்டும். தீக்கும் வெள்ளத்துக்கும் என்று வைத்த ஏற்பாடு. இன்று கூடியிருந்தவர்கள் அதைச் சண்டைக்கு அடிக்கக் கேட்டார்கள்.

எதிர்த்தெருவில் வேறு மதம், வேறு கூடம். மதியம் அதன் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. பதிலுக்கு வந்த கல் மரக்கடைக்காரருடைய மைத்துனரின் நெற்றியைப் பிளந்தது.

“கயித்த விடுங்க மாமா. நாம யாருன்னு காட்டிடலாம்,” என்றான் டெம்போக்காரன்.

“நீ யாருன்னு உன் பொண்டாட்டிக்கே இன்னும் பிடிபடல. நகருடா.”

சிரிப்பு எழுந்து அடங்கியது. மரக்கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். “முதல் கல்லு யாருது?”

பின்னால் நின்ற அவர் மகன் தலை குனிந்தான். “நான்தாம்பா. நம்ம பிரார்த்தனை நேரத்துல வேணும்னே மைக்கை அலற விடுறாங்கன்னு நினைச்சேன். எலக்ட்ரீஷியன்தான் மைக்கைச் சோதிச்சுப் பாத்தானாம். பிறகுதான் தெரிஞ்சுது.”

கட்டுப்போட்ட மைத்துனர் காதோரம் வந்தார். “அத்தான், இது இந்தச் சுவரைத் தாண்டக் கூடாது. குடும்ப மானம்.”

“அது இவன் கல்லெடுத்தப்பவே போச்சு. மீட்டுட்டு வரேன்.”

மணிமேடைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். மகனை முன்னால் நடக்கவிட்டார்.

“அவங்க வாசல்ல போய் நிக்கிறதா? நம்ம கூடத்துக்கே அவமானம்!” என்று டெம்போக்காரன் கத்தினான்.

“பொய்யை மூடி வைக்கவாடா இந்தக் கூடத்தைக் கட்டினாங்க?” திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

அங்கே அந்தக் கூடத்தின் தலைவரான தையற்காரர், வாசற்கதவுக்குக் குறுக்கே நின்று தம் ஆட்களைத் தடுத்துக்கொண்டிருந்தார். தொண்டை கட்டியிருந்தது.

“உங்க கண்ணாடிய உடைச்சது என் மகன்,” என்றார் மரக்கடைக்காரர், எல்லார் காதிலும் விழும்படி. “மன்னிப்புக் கேக்க வந்திருக்கோம். புதுக் கண்ணாடிய அவனே மாட்டுவான்.”

தையற்காரர் உள்ளே இருந்த தம் ஆட்கள் பக்கம் திரும்பினார். “கேட்டுச்சா? நெத்திய உடைச்சவன் வெளிய வரட்டும். வராட்டி இன்னைக்கு ஒருத்தனுக்கும் வீட்டுச் சோறு கிடையாது. கதவு திறக்காது.”

முணுமுணுப்பு. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். தையற்காரரின் சொந்தத் தம்பி.

அவர் முகம் கறுத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தம்பியின் தோளைப் பிடித்துத் தள்ளினார். “நட. அடிபட்டவரைப் பாக்கணும்.”

நால்வரும் தெருவைக் கடந்தார்கள். மணி தொங்கும் வழிபாட்டுக்கூடத்து வாசலை அடைத்தபடி டெம்போக்காரன் கைகட்டி நின்றான்.

“ஓரமா நில்லுடா,” என்றார் மரக்கடைக்காரர். “விருந்தாளி வர்றாங்க.”